மேசை மேல் ஒரு மீட்டர் கேஜ் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி–விழுப்புரம் பழைய மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) ரயில் பாதையின் ஒரு சிறு பகுதியை, உண்மை அளவில் 87-இல் ஒரு பங்கு மாடலாகச் செய்து, வேலூரில் என் வீட்டு மாடி அறையில் ஓட்டுகிறேன். பார்க்க வருகிறவர்களும் போனில் பேசுகிறவர்களும் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எத்தனையோ பாதைகள் இருக்க, ஏன் இந்தப் பாதை?

காட்பாடியில் கிளம்பி வேலூர் கன்டோன்மென்ட், கணியம்பாடி, கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் போகும் பாதை இது. சுமார் 160 கிலோமீட்டர். பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் நடுவே போகிறது. 1989-இல் மாவட்டம் இரண்டானது, 2019-இல் வேலூர் மறுபடியும் மூன்றாகப் பிரிந்தது. பாதை அதே ஊர்களைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. மாறியது தண்டவாளத்தின் அகலம். ஒரு மீட்டர் அகலப் பாதையைப் பெயர்த்துவிட்டு 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை போட்டார்கள். 2010 வாக்கில் முழுப் பாதையும் அப்படி மாறிவிட்டது.

என் அப்பா இந்தப் பாதையில் லெவல் கிராசிங் கேட்மேன். நான் வளர்ந்தது கேட் வீட்டில். வண்டி வரும் முன் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிடுவார், இருவரும் பிரைவேட் நம்பர் (பேசியதை உறுதிசெய்யும் ரகசிய எண்) சொல்லிக்கொள்வார்கள், அப்பா அதை நோட்டில் எழுதிவிட்டுத்தான் கேட்டைச் சாத்துவார். அவருக்குப் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை. அந்த நோட்டில் ஒரு அடித்தல் திருத்தல் பார்த்ததில்லை.

அந்த வண்டிகள், கை இறங்கி வழிவிடும் கை காட்டி சிக்னல்கள், பாதை காலி என்பதற்கு அடையாளமாக டிரைவரிடம் கொடுக்கும் டோக்கன் வளையம் எதுவும் இன்று பாதையில் கிடையாது. அகலப் பாதை வந்தது ஊருக்கு நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இப்படி ஒரு பாதை இருந்தது, இப்படித்தான் வேலை செய்தது என்று அடுத்த தலைமுறைக்குக் காட்ட ஓடுகிற ஒன்று வேண்டும். போட்டோவில் கை காட்டி இறங்காது.

காட்பாடி ஜங்ஷனையே செய்திருக்கலாமே?

எல்லோரும் கேட்பது இது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் அகலப் பாதைப் பெட்டி ஒன்று, இரு முனையிலும் உள்ள பஃபரோடு (முட்டுத் தாங்கி) சேர்த்து சுமார் 22.3 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 256 மில்லிமீட்டர். 24 பெட்டி வண்டி என்றால் எஞ்சின் இல்லாமலே ஆறு மீட்டருக்கு மேல் வருகிறது. பிளாட்பாரத்துக்கு மட்டும் அவ்வளவு வேண்டும். அப்புறம் இரண்டு பக்கமும் பாயிண்டுகள் (தண்டவாளம் பிரியும் இடங்கள்), யார்டு, சித்தூர்ப் பக்கம் பிரியும் பாதை, வேலூர்ப் பக்கம் பிரியும் பாதை. கல்யாண மண்டபம் வேண்டும்.

காட்பாடியிலிருந்து கன்டோன்மென்ட் வரை பத்து கிலோமீட்டர் என்று வைத்தால், மாடலில் அது 115 மீட்டர். அதனால் யாராக இருந்தாலும் எதை விடுவது என்றுதான் முதலில் முடிவு செய்ய வேண்டும். நான் எடுத்துக்கொண்டது ஒரு சிறிய கிராஸிங் ஸ்டேஷன் (ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும் இடம்), ஒரு லெவல் கிராசிங், பாலாற்றுப் பாலத்தின் சில கண்கள். ஸ்டேஷன் எந்த ஒரு ஊரின் நேர் நகலும் இல்லை, அந்தப் பாதையில் இருந்த பலவற்றின் கலவை. கேட் வீடு மட்டும் நான் வளர்ந்த வீடு. சுவருக்குச் சுவர், ஜன்னலுக்கு ஜன்னல் அதேதான்.

எச்.ஓ. என்கிறார்கள், என். என்கிறார்கள். எதை எடுப்பது?

இரண்டும் மாடல் அளவுகளின் பெயர்கள். எச்.ஓ. என்பது 1:87. அதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். இது ஐரோப்பா, அமெரிக்காவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கான கணக்கு. நம் அகலப் பாதையை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆகவே எச்.ஓ. தண்டவாளத்தில் நம் வண்டியை வைத்தால் அது சற்றுக் குறுகிய பாதையில்தான் நிற்கும். பெரும்பாலோர் இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள், தவறில்லை.

மீட்டர் கேஜுக்கு நிலைமை நன்றாக இருக்கிறது. 1,000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5. சந்தையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகள் பலவும் மீட்டர் கேஜ்தான். அவற்றை மாடல் செய்பவர்களுக்காக ஜெர்மனியின் பெமோ நிறுவனம் இந்த அளவில் தண்டவாளம் விற்கிறது. ஆரணி ரோடு வண்டிக்குத் தண்டவாளம் ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் புண்ணியத்தில் கிடைக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

என். என்பது 1:160, தண்டவாளம் 9 மில்லிமீட்டர். இடம் குறைவு என்றால் அதை எடுங்கள். ஆனால் சாமான்கள் மிகச் சிறியவை. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்குக் கஷ்டம்.

நம் மீட்டர் கேஜ் எஞ்சின் கடையில் கிடைக்குமா?

நான் தேடியவரை ஒய்.பி. எஞ்சின் கடையில் கிடைக்கவில்லை. அதைச் செய்துதான் ஆக வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

ஒய்.பி. என்பது பயணிகள் வண்டிக்கான நீராவி எஞ்சின். முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. 1949 முதல் 1970 வரை 871 எஞ்சின்கள் கட்டினார்கள். அதில் பெரும்பகுதி ஜாம்ஷெட்பூர் டெல்கோவில். பெரிய சக்கரத்தின் விட்டம் 1,372 மில்லிமீட்டர். மாடலில் 15.8 வர வேண்டும்.

மாடல் ரயில் செய்யும் ஹார்ன்பி நிறுவனம் 2022-இல் 1:120 அளவில் வண்டிகள் கொண்டுவந்தது. அந்த அளவுக்கும் தண்டவாளம் 12 மில்லிமீட்டர். அதில் இதே சக்கர அமைப்புள்ள இங்கிலாந்து எக்ஸ்பிரஸ் எஞ்சின் இருக்கிறது. சக்கரம் எனக்கு வேண்டியதைவிட ஒரு மில்லிமீட்டர்தான் பெரிது. அதன் மேல்கூட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிப்பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். பாய்லருக்கு வயரிங் வேலையில் போடும் 20 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப், அதை உப்புத்தாள் போட்டுச் சற்றுக் குறைத்தது. டிரைவர் நிற்கும் கேபின், பக்கவாட்டுப் புகைத் தடுப்புத் தகடு, டெண்டர் (நிலக்கரியும் தண்ணீரும் வைக்கும் பெட்டி) எல்லாம் அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டியவை.

பெட்டிகளும் அப்படியே. நம் ஊர்ப் பெட்டியின் முகமே ஜன்னல் கம்பிதான். அதை விட்டுவிட்டு என்ன வண்ணம் அடித்தாலும் வெளிநாட்டுப் பெட்டியாகவே தெரியும். நான் ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவன். மோட்டார் வைண்டிங் கம்பி கையில் நிறைய உண்டு. 36 கேஜ் தாமிரக் கம்பி 0.19 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 17 மில்லிமீட்டர். உண்மையான கம்பிக்கு மிக அருகில். ஒவ்வொரு ஜன்னலிலும் குறுக்கே ஒட்ட வேண்டும். ஒரு பெட்டி முடிய மாதம் ஆகும், அவசரப்பட்டால் கோணும்.

இப்போது கல்லூரிப் பிள்ளைகள் முப்பரிமாண அச்சில் உடலை எடுத்துத் தருகிறார்கள். வேலை சுத்தமாக இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த அச்சுக்குப் போடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி அருகே இளகிவிடும். சித்திரை வைகாசியில் வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ தகரக் கூரைக்குக் கீழோ வைத்தால் பெட்டி வளைந்துவிடும்.

ஜல்லி, மலை, மரம் எல்லாம் இறக்குமதியா?

எதற்கு இறக்குமதி? ரயில் பாதை ஜல்லி சுமார் 50 மில்லிமீட்டர் கல். மாடலில் அது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கல் குவாரி கிரஷர் தூளை மாவுச் சல்லடையிலும் டீ வடிகட்டியிலும் மாற்றி மாற்றிச் சலித்தால் அந்த அளவு கிடைத்துவிடும். நிறமும் நம் ஊர்க் கருங்கல் நிறமே. சலித்த பிறகு காந்தத்தை ஒரு தாளில் சுற்றி அதன்மேல் நன்றாக ஓட்டுங்கள். கிரஷர் தாடையின் இரும்புத் துகள் கலந்திருக்கும், மோட்டாரின் காந்தம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பாதையில் கொட்டிப் பரப்பி, ஃபெவிகாலைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, சொட்டுச் சொட்டாக ஊற்றினால் இறுகிவிடும்.

வேலூர் மலைகளைச் செய்யும்போது பச்சையைக் குறையுங்கள். வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டுப் புல்வெளி போடுகிறார்கள். இங்கே பாறை மேல் பாறை, இடுக்கில் முள்செடி, அடிவாரத்தில் பனை. தெர்மாகோலைக் கையால் உடைத்து அடுக்கி, மேலே பிளாஸ்டர் பூசி, காவியும் சாம்பலும் கலந்து அடித்தால் அந்த வெப்பம் தெரியும். பனைக்கு 20 சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். பலர் பாதி உயரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். வேலிக்காத்தான் முள்ளுக்குக் காய்ந்த துளசிக் கதிர் போதும்.

பாலாற்றில் தண்ணீர் ஊற்றவில்லையே என்று ஒருவர் கேட்டார். நான் பார்த்து வளர்ந்த பாலாறு பெரும்பாலும் மணல்தான். அதைத்தான் செய்திருக்கிறேன். ஆனால் அந்த ஆற்றைக் குறைவாக எடை போடக் கூடாது. 1903 நவம்பரில் வெள்ளம் வந்து வாணியம்பாடியை அழித்தது. 2021 நவம்பரிலும் கரை தொட்டு ஓடியது. அதே ஆண்டு டிசம்பரில் திருவலம் அருகே, பாலாற்றில் கலக்கும் பொன்னை ஆற்றின் ரயில் பாலம் பழுதாகி, சென்னை–காட்பாடி வண்டிகள் பல ரத்தாகின. அதனால் என் பாலத்தின் தூண்களில் வெள்ளக் கோடு வரைந்திருக்கிறேன்.

கை காட்டி எப்படி அவ்வளவு மெதுவாக இறங்குகிறது?

பொம்மை விமானங்களுக்குப் போடும் 9 கிராம் செர்வோ மோட்டார், அதை இயக்க ஒரு ஆர்டுயினோ பலகை (புரோகிராம் எழுதக்கூடிய சின்ன மின்னணுப் பலகை). கை இறங்கி முடிந்ததும் ஒரு சின்னத் துள்ளல் துள்ளும்படி புரோகிராம் எழுதியிருக்கிறோம். உண்மையான கை காட்டியில் நீளக் கம்பி இழுபட்டு நிற்கும்போது அந்தத் துள்ளல் இருக்கும். எழுதியது அக்கா மகள். நான் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன், அவள் அதை எண்களாக்கினாள்.

கரையான், வெயில், மின்வெட்டு: இவற்றை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

முதல் மேசையைக் கரையான் தின்றது. மேலே வண்ணம் பளபளவென்று இருந்தது, கீழே சட்டம் வெறும் மண்ணாக நின்றது. ஸ்டேஷன் கட்டடத்தைத் தூக்கியபோதுதான் தெரிந்தது. கேட் வீடும் பாலமும் தப்பின, மற்றதெல்லாம் போயிற்று. இப்போது இருப்பது அலுமினியச் சதுரக் குழாய்ச் சட்டம், மேலே அடர்த்தியான ஃபோம் ஷீட். மரமே கிடையாது. தரைத்தளத்தில் செய்யப்போகிறவர்கள் இதை முதல் நாளிலேயே யோசியுங்கள்.

வெயிலுக்கு: நிக்கல் சில்வர் தண்டவாளம் மூன்று மீட்டர் நீளத்துக்கு, 20 டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும். மார்கழிக் காலையில் இடைவெளி விடாமல் பூட்டிய பாதை மே மாதத்தில் பாம்பாய் நெளியும். இணைப்புகளில் ஒரு கார்டு தடிமன் இடைவெளி விடுங்கள், எல்லா இணைப்பையும் ஈயம் வைத்து அடைக்காதீர்கள்.

மின்சாரத்துக்கு: சாதாரண டி.சி. (நேர் மின்னோட்ட) மாடல் 12 வோல்ட்டில் ஓடுகிறது. 2012-இல் இங்கே மணிக்கணக்கில் கரண்ட் இருக்காது. அப்போது 12 வோல்ட் பேட்டரியிலேயே நேரடியாக ஓட்டினேன். நடுவில் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். பேட்டரியில் ஷார்ட் ஆனால் ஒயர் பழுத்துவிடும்.

டி.சி.யா, டி.சி.சி.யா?

ஒரு நேரத்தில் ஒரு வண்டி ஓட்டினால் டி.சி. போதும். கிராஸிங் ஸ்டேஷனில் ஒரு வண்டி காத்திருக்க இன்னொன்று வர வேண்டும் என்றால், ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறையான டி.சி.சி. எடுங்கள். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் கட்டளையைப் படிக்கும் ஒரு டிகோடர், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். புதிதாக வரும் டிகோடர் எல்லாமே 3 என்ற எண்ணோடு வரும், மாற்றிவிட்டுத்தான் இரண்டாவது எஞ்சினைப் பாதையில் வையுங்கள்.

வண்டி அடிக்கடி தடம்புரள்கிறது. என்ன செய்வது?

பாதையைக் குறை சொல்லும் முன் சக்கரத்தை அளந்து பாருங்கள். அச்சில் இரண்டு சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கூடக்குறைய இருந்தால் பாயிண்டில் ஏறிவிடும். அடுத்து எடை. வெறும் பிளாஸ்டிக் பெட்டி வளைவில் சாயும், தரைக்குக் கீழ் இரும்பு வாஷர் ஒட்டுங்கள். அதன் பிறகு தூசு. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணியால் துடையுங்கள், உப்புத்தாள் போடவே வேண்டாம். கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

பெரிய பின்னடைவு எது?

கரையான் போனால் மறுபடி கட்டலாம். வெளிநாட்டிலிருந்து ஒரு கடை அனுப்பிய எஞ்சின் இரண்டாக உடைந்து வந்தது, அவர்கள் பணமும் தரவில்லை. அதையும் ஒட்டினேன். பெரியது பக்கவாதம்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சு சீக்கிரம் வந்தது, காலும் ஓரளவு வந்தது. கைதான் வரவில்லை. ஜன்னல் கம்பி ஒட்டிய கையால் சட்டைப் பொத்தானைப் பிடிக்க முடியவில்லை. மாடிக்கு ஏற முடியாததால் அந்த அறையே பூட்டிக் கிடந்தது. விற்றுவிடலாம் என்று நான் சொன்னபோது வீட்டுக்காரம்மா, "சாமான் யாரையும் கேக்கல. இருந்துட்டுப் போகட்டும்" என்று முடித்துவிட்டார்.

பயிற்சி தரும் பெண் மணிகளைப் பொறுக்கி ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்தில் போடச் சொல்வார். மணிக்குப் பதில் சக்கர அச்சுகளைப் பொறுக்கட்டுமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். அச்சை எடுத்து, திருப்பி, போகியில் (பெட்டிக்கு அடியில் உள்ள சக்கரச் சட்டம்) பொருத்த வேண்டும். விழும், எடுக்க வேண்டும். அது எனக்குப் பொருள் உள்ள வேலையாக இருந்ததால் சலிக்கவில்லை. வலது கை இன்றும் முழுமையாக இல்லை. நுணுக்கமான வேலைக்கு இடது கையைப் பழக்கினேன்.

இதே நிலையில் இருப்பவர்கள் கேட்பதால் சொல்கிறேன். கனமான அடிப்பாகம் உள்ள முதலைவாய்க் கிளிப் தாங்கி இரண்டு வாங்குங்கள், அவை உங்கள் இன்னொரு கை. ஒட்ட வேண்டிய பாகத்தைப் பொருத்தி நிறுத்த அட்டையில் ஒரு பள்ளம் வெட்டி வையுங்கள், பிடிக்கவே தேவையில்லை. சூடான சால்டரிங் இரும்பை நடுங்கும் கையில் எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை அக்கா மகளுடையது. "மாமா, எந்த இடம்னு மட்டும் காட்டுங்க" என்பாள். இடத்தைக் காட்டுவதும் ஒரு வேலைதான் என்று அவளிடம்தான் கற்றுக்கொண்டேன்.

குழந்தைக்கு வாங்கித் தரலாமா?

தரலாம். எட்டு வயதுக்குக் கீழ் என்றால் பேட்டரி ரயில் போதும். அதற்கு மேல் ஆர்வம் இருந்தால் ஒரு வட்டப் பாதை, ஒரு எஞ்சின், இரண்டு சரக்குப் பெட்டி. கூடவே ஒரு அட்டை ஸ்டேஷனை அவர்களையே செய்ய விடுங்கள். வாங்கியதைவிட அதைத்தான் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

நிஜ ரயில்களைப் பார்க்க இந்தப் பக்கம் எங்கே போகலாம்?

காட்பாடியிலேயே பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து ஒரு மாலை உட்காருங்கள். 1964 முதல் ஓடும் பிருந்தாவன், ஏலகிரி, லால்பாக், 2022-இல் வந்த மைசூர் வந்தே பாரத் எல்லாம் நிற்கும் இடம். ஜோலார்பேட்டையில் சேலம் பாதையும் பெங்களூரு பாதையும் பிரிவதைப் பார்க்கலாம். வாலாஜா ரோட்டில் ஒருமுறை இறங்குங்கள். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து அங்கேதான் வந்து சேர்ந்தது. நம் பழைய மாவட்டத்துக்கு இவ்வளவு பெரிய பெருமை இருந்தும் பள்ளிப் பிள்ளைகளை யாரும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதில்லை, அது எனக்கு வருத்தம். மீட்டர் கேஜில் நீராவி எஞ்சின் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் மேட்டுப்பாளையம் போங்கள். பழைய எஞ்சின், பெட்டிகளுக்குச் சென்னை பெரம்பூர் ரயில் அருங்காட்சியகம்.

போட்டோவுக்காகத் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் அத்துமீறி நுழைவது குற்றம். சட்டம் இருக்கட்டும், மின்சார எஞ்சின் சத்தம் பக்கத்தில் வரும்வரை கேட்காது. கேட்மேன் மகன் சொல்கிறேன், கேளுங்கள்.

மாடலை விற்பீர்களா? ஒன்று செய்து தருவீர்களா?

இல்லை. அளவுகளும் வரைபடங்களும் வேண்டுமானால் தருகிறேன், காசு வேண்டாம்.

நாங்கள் ஏதாவது உதவ முடியுமா?

முடியும். இந்தப் பாதையில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் பழைய படங்கள் இருக்கும். கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, பணி ஓய்வு அன்று, பிளாட்பாரத்தில் நின்று எடுத்தவை. ஆட்களுக்குப் பின்னால் இருப்பதுதான் எனக்கு வேண்டும்: டோக்கன் கருவி வைத்த அறையின் உள்பக்கம், டிக்கெட் கவுன்ட்டர் ஜன்னல், தண்ணீர்த் தொட்டியின் கால்கள், பெயர்ப் பலகையின் எழுத்து. பெட்டியின் பக்கவாட்டு எழுத்துகள் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. படத்தை எனக்குத் தர வேண்டாம், போனில் ஒரு நகல் எடுத்துக்கொள்ள விட்டால் போதும். பின்பக்கத்தில் ஊரும் வருடமும் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.